நான்காம் குழாய்

வியாழனின் நிலா காலிஸ்டோ, மூன்றாம் அகழ்தளம். ஆய்வுக்கூடக் குறிப்பு.
எழுதுவது: செண்பகவல்லி, நோய்க்கூறியல் மருத்துவர். நாள் கணக்கு நான் இங்கே வந்ததிலிருந்து.

தள நாள் 611 | 09.20

மாதிரி வந்தது. பித்தநீர், பன்னிரண்டு மில்லி. நோயாளி கொம்பையா, துளைக்கருவி மெக்கானிக். சில நாட்களாகக் கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. சிகிச்சை எந்திரம் வாய் வழியாகக் குழாய் இறக்கிப் பார்த்திருக்கிறது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் வரும் நாளம் ஓரிடத்தில் நெரிந்து கிடக்கிறது. அடைப்பில் வழி திறக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்து, வழிந்ததைப் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டது. ஒரு பங்கைத் தன் சேமிப்பிலும் வைத்திருக்கிறது.

நெரிவுக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம், பழைய வீக்கத்தின் தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று சொல்வது என் வேலை.

பித்தநீர் பொல்லாத திரவம். தனக்குள் மிதக்கும் செல்களைத் தானே கரைத்துவிடும். அதனால் வந்தவுடன் சுழற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் தடவினேன். மேலே நின்ற தெளிவை ஃப்ரீசரில் வைத்தேன்.

இதைப் படிக்கிறவருக்கு: தளத்தில் இப்போது நாங்கள் நான்கு பேர்தான். தலைவர் தாசையன், காற்றையும் சூட்டையும் பார்த்துக்கொள்ளும் பிலோமினா, கொம்பையா, நான். மற்றவர்கள் முந்தைய கப்பலில் போய்விட்டார்கள். எங்களை ஏற்றிக்கொள்ளக் கயல் என்ற அடுத்த கப்பல் வந்துகொண்டிருக்கிறது. இவர்கள் யாரையும் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. அவர்களுக்கும் என்னை அப்படித்தான்.

தள நாள் 611 | 15.40

ஸ்லைடு பார்த்தேன். செல்கள் குறைவு. சிலவற்றில் கரு பெருத்து ஓரம் கோணியிருக்கிறது. புற்றுநோயில் இப்படி இருக்கும். வீங்கிய நாளத்திலும் இப்படி இருக்கும். முடிவு: சந்தேகம். இந்தச் சோதனையின் குணமே அது. உண்டு என்று சொன்னால் நம்பலாம். ஒன்றும் சொல்லாவிட்டால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தாசையனுக்கு அனுப்பினேன். இன்டர்காம் பதிவு:

"சந்தேகம்னா என்ன டாக்டரம்மா? கிருமியா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

வேறு சோதனைகள் இருக்கின்றன, சில நாள் பிடிக்கும் என்றேன்.

"அப்ப நான் விதிப்படி செய்யுதேன். வருத்தப்படாதீங்க."

கதவின் தாழ்கள் வெளியிலிருந்து விழுந்தன.

விதி இது. காரணம் தெரியாத மஞ்சள் காமாலை வந்தால், நோயாளியையும் அவர் உடம்புத் திரவத்தைத் தொட்டவரையும் ஒரே பகுதியில் அடைக்க வேண்டும். கப்பல் வருவதற்குள் கிருமி இல்லை என்று நிரூபிக்காவிட்டால் அந்தப் பகுதியின் காற்றை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் கப்பல் தளத்தோடு இணையும். வேலைக்குச் சேரும்போது நான்கு பேருமே இதற்குச் சம்மதித்தோம். வேறு யாருக்கோ நடக்கப்போவது என்று நினைத்துக்கொண்டு.

தள நாள் 612 | 08.15

அடைபட்ட பகுதியில் இரண்டு அறைகள். இதில் நான், நடுவே கண்ணாடி, அந்தப் பக்கம் கொம்பையா. அவர் படுக்கை மைக்கிலிருந்து:

"மேடம், நம்ம ரெண்டு பேரையும் பூட்டிட்டாவளா?"

ஆமாம் என்றேன்.

"உங்கள எதுக்கு?"

உங்கள் பித்தநீரைத் தொட்டதற்கு என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் விலாவுக்குக் கீழே வலிக்கிறது போல, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கேன்சர்னா கதவத் திறந்திருவாவளா?"

"திறக்க வேண்டும். புற்றுநோய் ஒட்டாது."

"அப்ப கேன்சரா இருக்கணும் மேடம். கும்பிட்டுக்கிடுதேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இந்த முடிவை எழுதியிருக்கிறேன். அது வர வேண்டும் என்று கும்பிட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

தள நாள் 612 | 14.00

பித்தநீரோடு வந்திருந்த கொம்பையாவின் இரத்தத்தில் புற்றுநோய்க் குறிப்பான் புரதம் அளந்தேன். மிக அதிகம். ஆனால் நாளம் எதனால் அடைத்தாலும் அது ஏறும். மறுபடியும் சந்தேகம். ரிப்போர்ட் தாசையனுக்குப் போனது.

"நேத்தும் சந்தேகம், இன்னைக்கும் சந்தேகம். இதுக்கா அம்புட்டு பெரிய லேபு?"

கொஞ்ச நேரத்தில் பிலோமினா:

"அக்கா, உங்க பக்கம் ஹீட்டரக் கொறைக்கச் சொல்லுதாரு. சூட்டுல கிருமி பெருகுமாம்."

அறிவில்லாத பேச்சு என்றேன். என் கருவிகளுக்குச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் எந்த முடிவும் வராது என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்தக் கண்ணாடில கீறல் எதுவும் இல்லல்லா?"

நேற்றுவரை கொம்பையாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். ஹீட்டர் குறைந்தது.

தள நாள் 613 | 10.30

குளிர். மூச்சு கண்ணாடியில் படிந்து உறைகிறது. எழுத்து கோணலாக இருந்தால் விரல்தான் காரணம்.

பித்தநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த கல்ச்சரில், குடலில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா மட்டும். ஸ்டென்ட் வைத்தால் அவை மேலே ஏறும். தெரிந்த வைரஸ் ஒன்றும் இல்லை. தெரியாத கிருமி இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தாசையன் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். பிடித்துக்கொண்டார்.

அடுத்தது குரோமோசோம் சோதனை. செல்லுக்குள் ஒளிரும் சாயத்தை அனுப்பினால் குரோமோசோம்கள் புள்ளிகளாகத் தெரியும். இரண்டிரண்டாக இருக்க வேண்டியவை புற்றுநோய்ச் செல்லில் நாலாக, ஐந்தாகக் கிடக்கும். சாயம் குளிரில் கெட்டியாகிவிட்டது. புட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உருகியது. ஐந்து செல்களில் புள்ளிகள் அதிகம்.

"அஞ்சு செல்லா?" தாசையன். "அஞ்சே அஞ்சு செல்ல நம்பி நான் கதவத் தொறக்கணுமா? கேளுங்க டாக்டரம்மா. இதுக்கு முந்தின தளத்துல நான் தொறந்தேன். உள்ள ஒருத்தன் அழுதான், கூட வேல பாத்தவன், மனசு கேக்கல. ஒம்பது பேரு மஞ்சளாகி மஞ்சளாகிச் செத்தாங்க. நான் மட்டும் மிச்சம். இனிமே யாரு அழுதாலும் தொறக்க மாட்டேன்."

அவர் முரடர் என்றே நினைத்திருந்தேன். பயந்தவர். முரடரைவிட மோசம்.

தள நாள் 613 | 16.10

கொம்பையா:

"மேடம், கேன்சர்னு எழுதிருங்களேன். உங்களத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?"

முடியாது என்றேன். கிருமியாக இருந்தால்?

"இருந்தா?"

"அவர்கள் இரண்டு பேரும் சாவார்கள். கப்பலில் இருப்பவர்களும்."

"அவுக நம்மள சாகடிக்கலாமா?"

அவர் கண்ணாடிப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

தள நாள் 614 | 11.00

முடிவு கிடைத்துவிட்டது.

முதல் நாள் ஃப்ரீசரில் வைத்த தெளிந்த நீர். செல் கரைந்தாலும் அதற்குள் இருந்த டிஎன்ஏ துண்டுகள் அந்த நீரில் மிதக்கும். நோய் நாளத்தின் சுவரிலேயே இருப்பதால் இரத்தத்தைவிடப் பித்தநீரில் அவை அதிகம். துண்டுகளைப் பிரித்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். படிக்கும் கருவியின் மேல் என் மெத்தையைப் போர்த்தி, நான் வெறுந்தரையில் கிடந்தேன்.

புற்றுநோய்க்கே உரிய எழுத்துப் பிழைகள் மூன்று. அளவும் தெளிவு. சந்தேகம் என்ற சொல்லே இந்த ரிப்போர்ட்டில் இல்லை. பித்தநாளப் புற்றுநோய்.

கொம்பையாவிடம் சொன்னேன். இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அழுதார். எதற்கு அழுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தள நாள் 614 | 12.20

தாசையன்:

"உள்ள அடைபட்டுக் கெடக்க யாரும் கேன்சர்னுதான் எழுதுவாங்க. நானா இருந்தாலும் எழுதுவேன்."

என் படிப்பையும், தகவல்களையும், கருவி தந்த வரைபடங்களையும் அவர் இந்த ஒரு வாக்கியத்தில் குப்பையில் போட்டுவிட்டார். என்ன எரிச்சல் என்றால், அவர் சொன்னதில் தவறு இல்லை.

வழி சொன்னது பிலோமினா.

"சார், நம்ம அவங்களுக்கு நாலு குழாய் குடுப்போம். எது யாரோடதுன்னு சொல்லாம. அவங்க கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். சரியாச் சொன்னா அந்த டெஸ்ட நம்பலாம்லா?"

தாசையன் ஒத்துக்கொண்டார். உணவு வரும் சுவர்ப் பெட்டி வழியாகக் குழாய்கள் வரும். ஒன்று, எந்திரத்தின் சேமிப்பில் இருக்கும் கொம்பையாவின் பித்தநீர். மற்றவை என்ன என்று சொல்ல மாட்டார்கள். ஹீட்டரை ஏற்றச் சொல்லிக் கேட்டேன். ஏற்றினார்கள்.

தள நாள் 615 | 13.30

ஒன்று: வெறும் உப்பு நீர்.
இரண்டு: கொம்பையா. அதே மூன்று பிழைகள்.
மூன்று: பித்தநீர். ஆரோக்கியமானது.
நான்கு: பித்தநீர். புற்றுநோய்.

நான்கை மறுபடி செய்தேன். அதே முடிவு. இரண்டாம் குழாயிலிருந்து தெறித்துக் கலந்திருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. நான்கில் உள்ள பிழைகள் வேறு எழுத்துகளில் இருக்கின்றன. வேறு ஓர் ஆளின், வேறு ஒரு புற்றுநோய். அளவு மிகக் குறைவு. ஆரம்ப நிலை.

இன்டர்காமில் நான்கையும் வாசித்தேன். தாசையன்:

"நாலு நல்ல ஆளோடது. உங்க டெஸ்டு பொய் சொல்லுது."

பொய் இல்லை என்றேன். கிருமி என்றால் இரண்டு பேரிடமும் ஒரே கிருமியின் எழுத்துதான் இருக்கும். இது அவரவர் உடம்பு அவரவருக்குச் செய்துகொண்ட பிழை. நான்கு யாருடையதோ அவருக்கு நோய் இருக்கிறது, இன்னும் அவருக்கே தெரியாது என்றேன்.

இன்டர்காமை அணைத்துவிட்டார்.

தள நாள் 615 | 14.15

கொம்பையாவிடம் கேட்டேன்: உங்களோடு ஒரே இடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர் யார்?

"துளைக்கருவி கழுவுற கொட்டகையில மேடம். ஜன்னல் கெடையாது. அந்தக் கழுவுற மருந்து வாட கண்ணக் கரிக்கும். மூணு வருசம் அங்கதான் கெடந்தோம், நானும் தாசையன் அண்ணாச்சியும். பெறவு அவர் தலைவராயிட்டாரு."

பிலோமினா அந்தக் கொட்டகைக்குள் போனதே இல்லையாம். சில கழுவு மருந்துகளின் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தால் பித்தநாளத்தில் புற்றுநோய் வரும்.

சற்று நேரத்தில் பிலோமினாவே அழைத்தாள், தாழ்ந்த குரலில்:

"அக்கா, எந்திரத்த வச்சு எங்க ரெண்டு பேருக்கும் மூக்கு வழியா குழாய் விட்டு எடுத்தோம். மூணு என்னோடது. நாலு... அவரு சாப்பிடாம உக்காந்துருக்காரு அக்கா."

தள நாள் 616 | 09.00

கயல் நெருங்கிவிட்டது. கேப்டன் நூருன்னிசாவின் அறிவிப்பு எல்லா அறைகளிலும் ஒலித்தது:

"மூன்றாம் அகழ்தளம், ரிப்போர்ட் வந்தாத்தான் இணைவோம். அதுல ஒரு பொய் இருக்குன்னு தெரிஞ்சா, எந்த நேரமா இருந்தாலும் சம்பந்தப்பட்டவங்கள வெளிய இறக்கிட்டுத்தான் கப்பல் நகரும். எனக்கு நாப்பது பேரு உயிரு முக்கியம்."

உடனே தாசையன். தனியாகப் பேசினார். குரலே மாறியிருந்தது.

"நாலாவத மறுபடியும் பாருங்க டாக்டரம்மா. தப்பா இருக்கும். எனக்கு ஒண்ணுமே இல்ல, நல்லாப் பசிக்குது, நல்லா உறங்குதேன். நாலு சுத்தம்னு வந்தா உங்க டெஸ்டு சரிதான். கொம்பையாவுக்கு கேன்சர்னு நானே கையெழுத்துப் போட்டுக் கதவத் தொறக்கேன். சுத்தம்னு வரலன்னா டெஸ்டு தப்பு. டெஸ்டு தப்புன்னா, அது கிருமி. நான் என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்."

அறுவை செய்தால் குணமாகும் என்றேன். கயலில் அறுவை எந்திரம் இருக்கிறது, இந்த நிலையில் கண்டுபிடிப்பது அபூர்வம், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றேன். கத்தியே சொன்னேன்.

"சுத்தமா, இல்லியா?"

அதற்குமேல் ஒன்றும் கேட்க அவர் தயாராக இல்லை. மதியம்வரை நேரம் தந்திருக்கிறார்.

தள நாள் 616 | 11.20

மூன்றாம் முறை. புற்றுநோய்.

கொம்பையா கேட்டுக்கொண்டேதான் இருந்தார்:

"சொல்லிருங்க மேடம். அவரு கேக்கத அவருக்குக் குடுங்க. நீங்க உண்மையச் சொல்லாமயா இருந்தீங்க?"

காற்று அடைப்பானைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சுவருக்குள் உலோகம் உலோகத்தில் உரசுகிறது. அறையில் காற்றழுத்தம் ஒரு முறை இறங்கி ஏறியது. காது அடைத்தது. கொம்பையா கண்ணாடியில் கையால் அடித்தார்.

கிருமியை மறைக்க மாட்டேன் என்று மூன்று நாள் முன்பு சொன்னேன். இது கிருமி இல்லை. இதை மறைத்தால் கப்பலில் யாருக்கும் ஆபத்து இல்லை. ஒருவரைத் தவிர.

தள நாள் 616 | 11.50

அனுப்பிய செய்தி: "மாதிரி நான்கு, மறு பரிசோதனை: இயல்பு. முதல் முடிவு மாதிரி கலந்ததால் வந்த பிழை."

"அப்படிச் சொல்லுங்க!" தாசையன். குரல் உடைந்தது. "எனக்குத் தெரியும்லா! பிலோமினா, கதவத் தொற."

திறந்தார்கள். வெளிக்காற்று சூடாக இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள விட்டேன்.

கயல், பயணக் குறிப்பு | மூன்றாம் நாள் 10.00

கொம்பையாவுக்கு அறுவை முடிந்தது. நாளத்தையும் கல்லீரலில் ஒரு பகுதியையும் எந்திரம் எடுத்துவிட்டது. ஓரங்கள் சுத்தம். பிழைக்கலாம். எடுத்த திசுவை நான்தான் பார்த்தேன்.

இனி எல்லோரும் குளிர்த்தூக்கத்துக்குப் போக வேண்டும். ஊர் சேர இரண்டு வருடத்துக்கு மேல். குளிர் நோயை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆரம்ப நிலையில் இருப்பது, விழிக்கும்போது கத்திக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும்.

மூடி இறங்குவதற்கு முன் கொம்பையா, படுக்கை மைக்கில்:

"இப்பவாவது அண்ணாச்சிட்டச் சொல்லிருங்க மேடம். நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன். அது கதவு தொறக்கதுக்கு. கதவுதான் தொறந்தாச்சே."

கேப்டன் சொன்னதை நினைவுபடுத்தினேன். நான்காம் குழாயில் பொய் என்றால் உங்கள் இரண்டாம் குழாயின் முடிவையும் நம்ப மாட்டார்கள். நம் இரண்டு பேரையும் வெளியே இறக்குவார்கள்.

"அறுத்து எடுத்தத காட்டுங்க. கேன்சர்தான்னு தெரிஞ்சிருமே."

அதைப் பார்த்து எழுதியதும் நான்தானே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மூடியை இறக்கினேன்.

இறக்கிய பிறகு யோசித்தேன். கப்பல் எந்திரமும் திசுவைப் படிக்கும். கேப்டன் முன்னால் வைத்து அதைப் படிக்கவிட்டால் போதும். அவர் நம்பியிருக்கக்கூடும். கொம்பையா கேட்டது சரிதான்.

கயல் | மூன்றாம் நாள் 12.40

பிலோமினா தூங்கிவிட்டாள். போகும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு எப்படிச் சுத்தமானது என்று கேட்க வேண்டியவள் அவள்தான். கேட்கவில்லை.

அடுத்து தாசையன். குளிருக்கு முந்தைய சோதனை என் பொறுப்பு. நாடி சரி. எடை மூன்று கிலோ குறைவு.

"கண்ணு எப்படி இருக்கு டாக்டரம்மா? மஞ்சளா ஒண்ணும் இல்லியே?"

இமையை விலக்கி விளக்கடித்தேன். வெள்ளையில், ஓரமாக, மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

அக்குளில் வைத்திருந்த புட்டியின் சில்லிப்பு நினைவுக்கு வந்தது. சுவருக்குள் அடைப்பான் உரசிய சத்தம். அதைத் திருகிய கை இப்போது என் முன்னால் மல்லாந்து கிடந்தது. நகத்தில் கறுப்பு எண்ணெய்.

"வெள்ளையா இருக்கு," என்றேன். "தூங்குங்க."

"நீங்க பாத்துச் சொல்லிட்டா நிம்மதி. உங்கள அந்தக் குளிர்ல போட்டு..."

மூடியை இறக்கினேன். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

12.55. குளிர் ஏறுகிறது. முழுக் குளிர் வரும்வரை பச்சைப் பொத்தானை அழுத்தித் திறக்கலாம்.

13.05. திறக்கலாம். பயத்தினால்தான் திறக்கவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதியிருந்தால் அதுவும் பொய்.

13.15. இன்னும்

13.25. முழுக் குளிர். இனி ஊர் சேரும்வரை அந்த மூடியைத் திறக்க முடியாது.

கையுறையைக் கழற்றினேன். கை கழுவினேன்.